'ஃபெயில்' என்ற ஒரு சொல்லும் செக் மொழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வில் தோற்பது, இயந்திரம் பழுதாவது, கடமையைச் செய்யாமல் விடுவது ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலம் 'ஃபெயில்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறது. செக் மொழியோ தேர்வில் தோற்பதை 'ப்ரொபட்னொவ்த்' என்றும், இயந்திரமோ இதயமோ செயலிழப்பதை 'ஸெல்ஹத்' என்றும், செய்யவேண்டியதை விட்டுவிடுவதை 'ஒபொமெனொவ்த்' என்றும் பிரித்துச் சொல்கிறது. ஒருவர் வராததை ஆங்கிலம் 'ஃபெயில்ட் டு கம்' என்று எழுதினால், செக் மொழிபெயர்ப்பாளர் வினைக்கு முன் 'நெ' என்ற எதிர்மறை ஒட்டைச் சேர்த்து, 'வரவில்லை' என்று நேராக முடித்துவிடுவார்.

என்னை மிகவும் கவர்ந்தது, செயலின்மையைக் குறிக்கும் 'நெச்சின்னொஸ்த்' என்ற சொல். செக் குடியரசின் நிர்வாக நடைமுறைச் சட்டம் (எண் 500/2004), 80ஆவது பிரிவில், உரிய காலக்கெடுவுக்குள் முடிவெடுக்காமல் இருக்கும் அலுவலகத்தைப் பற்றி அதன் மேல்நிலை அமைப்பிடம் மனுதாரர் முறையிட வழிசெய்கிறது. அந்தப் பிரிவின் தலைப்பிலேயே இச்சொல் இருக்கிறது. அதிகாரியின் மௌனத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருப்பது, காத்திருக்கும் குடிமக்களுக்கு எவ்வளவு பெரிய பிடிமானம்!

நம் நாளேடுகளின் மொழிபெயர்ப்புச் செய்திகளில் 'ஆஜராவதில் தோல்வியடைந்தார்' போன்ற தொடர்கள் தென்படுகின்றன. 'ஆஜராகவில்லை' அல்லது 'ஆஜராகத் தவறினார்' என்று எழுதுமாறு தங்கள் செய்திப் பிரிவினரை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்