மைக்ரோகன்ட்ரோலர் லைப்ரரிகளைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

திரைக்கான எழுத்துரு, தொடக்கப் படம், சிப்பே பரிமாறும் வலைப்பக்கம், சென்சாரில் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் நிரல்) என்று எத்தனையோ பைனரி கோப்புகளை சி மொழி அணிகளாக (எண் வரிசைகளாக) மாற்றி லைப்ரரிக்குள் வைக்கிறீர்கள். கோப்பு முறைமை இல்லாத இந்தச் சிறு கணினிச் சிப்பில் இதுதான் நேர்வழி. அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. கேட்பது ஒன்றுதான். அந்த அணியை மட்டும் ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) போட்டுவிட்டுப் போகாதீர்கள். அது எந்தக் கோப்பிலிருந்து வந்ததோ அந்தக் கோப்பையும், எந்தக் கட்டளையால் வந்ததோ அந்தக் கட்டளையையும் சேர்த்து வையுங்கள்.

ஐகானின் ஓரத்தில் ஒரு புள்ளியைத் திருத்த வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான எண்களுக்குள் அதைத் தேட யாராலும் ஆகாது. ஜிபிஎல் என்னும் திறமூல உரிமமும் மூலநிரல் என்பதை, மாற்றங்கள் செய்வதற்கு உகந்த வடிவம் என்றே வரையறுக்கிறது. படத்தை வரைந்தது ஒரு வடிவில், கொடுப்பது வெறும் எண்கள் என்றால் அது மூலநிரல் ஆகாது. லினக்ஸ் கெர்னலே இந்தச் சிக்கலில் இருந்து மீண்டதுதான்: டிரைவர்களுக்குள் எண்களாகக் கிடந்த ஃபர்ம்வேர்கள் படிப்படியாக வெளியே எடுக்கப்பட்டு, 2017இல் வந்த 4.14 பதிப்பில் ஃபர்ம்வேர் அடைவே நீக்கப்பட்டது.

அடுத்து, அணி உருவாகும் விதம். உங்களில் பெரும்பாலோர் விம் எடிட்டரோடு வரும் எக்ஸ்எக்ஸ்டி கருவியை ‘ஐ’ சுவிட்ச் கொடுத்து ஓட்டுகிறீர்கள். வரிக்கு 12 பைட், ஒரு பைட்டுக்கு ஏறக்குறைய 6 எழுத்து. 1 எம்பி கோப்பு 6 எம்பிக்கு மேற்பட்ட நிரலாக வீங்கும். அந்த அளவை கம்பைலர் பொறுத்துக்கொள்ளும். உண்மையான தொல்லைகள் வேறு இரண்டு. முதலாவது, மாறியின் பெயரைக் கருவி கோப்பின் பாதையிலிருந்து எடுக்கிறது. படங்கள் இருக்கும் அடைவுக்குள் நின்று ஓட்டினால் ஒரு பெயர், மேலடைவிலிருந்து ஓட்டினால் அடைவின் பெயரும் ஒட்டிக்கொண்டு இன்னொரு பெயர்; நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர், பெயரைக் காணோம் என்னும் பொருளில் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்று நின்றுவிடும். இரண்டாவது, அறிவிப்பில் ‘கான்ஸ்ட்’ (மாறாத தரவு என்னும் குறி) போடாது. இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டு. கோப்பைப் பெயர் சொல்லிக் கொடுக்காமல் உள்ளீட்டு வழியாகத் திருப்பிவிட்டால் எண்கள் மட்டும் வெளிவரும். அறிவிப்பை நீங்களே எழுதி, அடைப்புக்குறிக்குள் அந்த எண் கோப்பை ‘இன்க்ளூடு’ செய்துகொள்ளலாம்.

அந்த ‘கான்ஸ்ட்’ விடுபட்டால் என்ன ஆகும்? எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப்பில் ஃபிளாஷ் (நிரந்தர நினைவகம்) 64 கேபி, ராம் (தற்காலிக நினைவகம்) 20 கேபி. 24 கேபி படத்தை ‘கான்ஸ்ட்’ இல்லாமல் வைத்தால் அது ஃபிளாஷிலும் இடம் பிடிக்கும், தொடங்கும்போது ராமுக்கு நகலாகவும் இடம் கேட்கும். ராம் நிரம்பி வழிகிறது என்று லிங்கர் மறுத்துவிடும். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி-யில் ‘கான்ஸ்ட்’ மட்டும் போதாது. அங்கே ஃபிளாஷும் ராமும் தனித்தனி முகவரிவெளி. தரவை ஃபிளாஷிலேயே நிறுத்தும் ‘புரோக்மெம்’ குறியைப் போட்டு, ஒவ்வொரு பைட்டையும் அதற்குரிய வாசிப்பு மேக்ரோ வழியே எடுக்க வேண்டும். 128×64 திரையை நிரப்பும் கறுப்பு-வெள்ளைப் படம் 1,024 பைட். அந்தச் சிப்பின் மொத்த ராமே 2,048 பைட். ‘புரோக்மெம்’ மறந்த ஒரே படம் பாதி ராமைத் தின்றுவிடும். கம்பைல் ஆகும், ஏறும். பிறகு, ஓடும் நிரல் ராமில் கேட்கும் ஸ்டாக்குக்கு இடமில்லாமல் நினைத்த நேரத்தில் ரீசெட் ஆகும்.

பிட் வரிசையையும் தயவுசெய்து எழுதிவையுங்கள். எட்டு புள்ளிகளில் இடப்பக்கம் மூன்று மட்டும் எரியவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உயர்பிட் முதலில் வரும் முறையில் அந்த பைட் 224. எக்ஸ்பிஎம் (XBM) பட வடிவத்தில் தாழ்பிட் முதலில் வருவதால் அதே பைட் 7. திரையில் வரைவதற்கான அடாஃப்ரூட் ஜிஎஃப்எக்ஸ் லைப்ரரியில் இரண்டுக்கும் தனித்தனி வரைசார்புகள் இருப்பது இதனால்தான். மாற்றிக் கொடுத்தால் படம் அடையாளம் தெரியும், ஆனால் எட்டு எட்டு புள்ளிகளாக இடவலம் புரண்டு சிதறிக் கிடக்கும். அணியை மட்டும் கையில் வைத்திருப்பவர் வயரிங்கைச் சந்தேகித்து நாளைக் கழிப்பார்.

அணியின் நீளத்தை, அளவைச் சொல்லும் ‘சைஸ்ஆஃப்’ கொண்டே தாருங்கள். வலைப்பக்கத்தை அணியாக்கினால் இறுதியில் சுழிய பைட் இருக்காது. சரத்தின் நீளம் அளக்கும் சார்பு அணியைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஈஎஸ்பி சிப்புகளுக்கான ஈஎஸ்பி-ஐடிஎஃப் தொகுப்பு உரைக்கோப்புக்கும் பைனரி கோப்புக்கும் தனித்தனி வழி வைத்து, உரைக்கு மட்டும் அந்தச் சுழியத்தைச் சேர்த்துக் கொடுப்பது நல்ல முன்மாதிரி. பைட் அணியை 32 பிட் சுட்டியாக மாற்றிப் படிப்பதாக இருந்தால் 4 பைட் எல்லைக்கு ஒழுங்குபடுத்துங்கள். கார்டெக்ஸ்-எம்0 செயலி ஒழுங்கற்ற முகவரியை ஏற்காது, நேராக ஹார்டுஃபால்ட் பிழைதான்.

விண்டோஸில் உருவாக்குவோர் கவனிக்க: பவர்ஷெல் 5.1-இல் ‘>’ குறியால் வெளியீட்டைத் திருப்பினால் கோப்பு யூடிஎஃப்-16 ஆகிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் ஹெடரை கம்பைலர் ஏற்காததன் காரணம் பெரும்பாலும் அதுவே. பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் (git) கருவியின் பண்புக் கோப்பில் மூலக் கோப்பை ‘பைனரி’ என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உரை என்று தவறாகக் கருதப்படும் கோப்பில் வரிமுடிவுகள் மாறி பைட்டுகள் கெடும்.

சி மொழியின் சி23 தரத்தில் வந்துள்ள, கோப்பை நேரடியாக அணியாக்கும் ‘எம்பெட்’ கட்டளை இதில் பாதித் தொல்லையைத் தீர்க்கும். கிளாங் 19, ஜிசிசி 15 கம்பைலர்கள் முதல் அது கிடைக்கிறது. ஆனால் ஊனோ போன்ற பலகைகளுக்கான ஆர்டுயினோவின் ஏவிஆர் தொகுப்பு ஜிசிசி 7.3-இல் நிற்பதால் அங்கே இன்னும் கைகொடுக்காது. மேலும், ஆர்டுயினோ ஐடிஈ லைப்ரரிக்கென்று பில்டுக்கு முன் ஸ்கிரிப்ட் ஓட்ட இடம் தருவதில்லை என்பீர்கள். நியாயமான பேச்சு. பிளாட்ஃபார்ம்ஐஓ என்னும் மாற்றுக் கருவியில் அதற்கு வழி உண்டு. ஆர்டுயினோ பயனர்களை நம்பியிருக்கும் லைப்ரரி என்றால் உருவான அணியையும் கமிட் செய்தே ஆகவேண்டும்.

அப்படியானால் அந்தக் கோப்பின் தலையில் நான்கு வரி எழுதுங்கள்: மூலக் கோப்பின் பெயர், அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பு (கோப்பின் கைரேகை போன்றது), ஓட்டிய கட்டளை, ‘கையால் திருத்தாதீர்’ என்ற குறிப்பு. மாற்றும் வேலையை ரெப்போவிலேயே இருக்கும் ஒரு சிறிய பைதான் ஸ்கிரிப்ட்டிடம் விடுங்கள். அவரவர் கணினியில் இருக்கும் கருவிப் பதிப்பைப் பொறுத்து வெளியீடு மாறாது. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும்போதும்) தானியங்கிச் சோதனை அணியை மறுபடி உருவாக்கட்டும். கமிட்டில் இருப்பதோடு ஒரு பைட் வேறுபட்டாலும் சோதனை தோற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் லைப்ரரிகளை நாள்தோறும் பயன்படுத்துவோர்