பாப்பாவைக் கூட்டி வராதே

அன்புள்ள சுந்தரம்,

நலம்தானே? இங்கே பேரனைத் தவிர எல்லோரும் சுகம். அவனுக்கு அம்மை போட்டிருக்கிறது, சின்னம்மை. எங்கள் தெருவில் இன்னும் சில வாசல்களிலும் வேப்பிலை தொங்குகிறது. போனில் சொன்னால் நீ என்னை முழுதாகப் பேச விடமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு நீ வா. பாப்பாவைக் கூட்டி வராதே. முழுகாமல் இருக்கிற உன் மகள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு இரண்டு நாள் ஏற்காட்டில் இருக்கட்டும் என்ற உன் ஆசை புரிகிறது. ஆனால் அவளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதா? அவளைப் பெற்ற தங்கச்சிக்குத்தான் தெரியும், கேள். அம்மையும் வரவில்லை, தடுப்பூசியும் போடவில்லை என்றால் பயணமே வேண்டாம். இனிமேல் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதே, அதைக் கர்ப்ப காலத்தில் போடமாட்டார்கள். கர்ப்பிணிக்கு வந்தால் நிமோனியா வரை போகலாம். முதல் மாதங்களில் கருவைப் பாதிக்கலாம், பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறக்கிற குழந்தைக்கு ஆபத்து.

வேப்பிலையைப் பார்த்தால் வெளியாள் படியேறமாட்டான், தண்ணீர் ஊற்றும்வரை வீட்டார் எங்கும் போகமாட்டார்கள். நம் பெரியவர்களின் அந்தக் கட்டுப்பாட்டில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அம்மை பரவத் தொடங்கிவிடுகிறதே! எங்கள் பையன் அதுவரை பள்ளிக்கூடத்தில்தான் இருந்தான். காற்றிலும் பரவும் நோய் இது. ஏற்காடு பஸ்ஸை நினைத்துப் பார். 20 கொண்டை ஊசி வளைவு, மேலே போகப் போகக் குளிரும், ஜன்னலை எல்லாம் மூடிவிடுவார்கள். பக்கத்து சீட்டுக் குழந்தைக்கு நாளைக்குக் கொப்புளம் வருமா என்று யாருக்குத் தெரியும்? ஒட்டிக்கொண்டாலும் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள்.

உன்னைப் பற்றிக் கவலையில்லை. ஹாஸ்டலில் உனக்குப் போட்டதும், மாணிக்கம் இளநீருக்காக மரமேறி வார்டனிடம் மாட்டிக்கொண்டதும் மறக்குமா? ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது அபூர்வம். நீ வருவதற்குள் பேரனுக்கும் பொருக்குத் தட்டிவிடும்.

அப்புறம் ஒன்று. உங்கள் ஊரிலேயே அம்மை கண்ட யாரோடாவது பாப்பா இருந்திருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதே. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் 10 நாளுக்குள் போடவேண்டிய வேறு ஊசி இருக்கிறது.

தங்கச்சியிடம் இன்றே கேட்டு எழுது. அதுவரை டிக்கெட் எடுக்காதே.

அன்புடன்,
ராமு