நீதித்துறை ஆணையர் நியமனம்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அப்பா விட்டுச்சென்ற வீடு தொடர்பாக உறவினர் ஒருவருடன் எங்களுக்கு வழக்கு. வீட்டின் மதிப்பு 250,000 வெள்ளிக்கு மேல் என்பதால் அது உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விசாரித்தவர் ஒரு நீதித்துறை ஆணையர். பொறுமையாகக் கேட்டார். தீர்ப்பும் எங்கள் பக்கமே வந்தது. எனவே இது தோற்றவரின் புலம்பல் அன்று.

விசாரணை தொடங்கிய அன்று, "நீதிபதிக்குள்ள அதிகாரம் இவருக்கும் உண்டு, ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் நியமித்திருக்கிறார்கள்" என்று அம்மாவிடம் சொன்னேன். 74 வயதான அவர் அன்றிரவு தூங்கவில்லை. விடியற்காலையில், ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்தபடி கேட்டார்: "காலம் முடிந்ததும் இவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யார் முடிவு செய்வார்கள்?" பிரதமரின் ஆலோசனையை ஏற்று அதிபர் நியமிப்பார் என்றேன். "அப்படியானால், அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டவர் இவர் முன்னால் எப்படி நிம்மதியாக நிற்பார்?" எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

வரலாறு உங்களுக்குத் தெரியும். உயர் நீதிமன்றமும் அடங்கிய உச்ச நீதிமன்றத்தின் பணிகளை விரைந்து முடிக்க 1979இல் அரசியலமைப்பில் இந்த ஆணையர் பதவிக்கு இடமளித்தீர்கள். 1986இல் திரு சான் செக் கியோங் முதல் ஆணையரானார். பிற்காலத்தில் தலைமை நீதிபதியாகவும் உயர்ந்தார். தகுதியானவர்கள் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிரந்தர நீதிபதி 65 வயதுவரை இருக்கலாம். அதற்குமுன் அவரை நீக்க ஐவருக்குக் குறையாத தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டும். ஆணையரைப் பொறுத்தவரை, நியமனத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலே கதை முடிந்தது. காரணம் கேட்க ஆளில்லை. பிரதமர் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்கிறார் என்பீர்கள். கலந்தாலோசனை வேறு, முடிவெடுக்கும் உரிமை வேறு.

ஆகவே கேட்கிறேன்: ஆணையரின் பதவியை நீட்டிக்கும், உறுதிசெய்யும் பொறுப்பை அமைச்சரவைக்கு வெளியே உள்ள குழுவிடம் கொடுங்கள். எந்த அளவுகோலில் முடிவெடுக்கிறார்கள் என்பதைச் சட்டத்தில் எழுதுங்கள்.

வழக்கறிஞர் கட்டணத்தில் எங்கள் பத்து ஆண்டுச் சேமிப்பு கரைந்தது. சாமானியக் குடும்பம் உயர் நீதிமன்றப் படியேறுவதே இங்கு பெரும்பாடு. அவ்வளவு செலவழித்து ஏறியவருக்கு, எதிரில் அமர்ந்திருப்பவரின் நாற்காலி யார் கையில் இருக்கிறது என்ற கவலையும் சேர வேண்டுமா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த கூட்டத்தில் உங்களில் ஒருவராவது இதைக் கேள்வியாக எழுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்த நியமனம் அமைச்சரவைக்கு வெளியே முடிவாக வேண்டும். நான் கேட்பது இதைத்தான்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் குடியிருப்பாளர்