ஃபோன்டேவுக்கு வாய்த்தது அதிர்ஷ்டமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் போர்ச்சுகல் வென்ற 2016 யூரோ கால்பந்துக் கோப்பையை நினைவுகூர்ந்து வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ரொனால்டோ அழுதுகொண்டே வெளியேறியது, அவர் முகத்தில் விட்டில் பூச்சி வந்து உட்கார்ந்தது, 109ஆவது நிமிடத்தில் எடெர் அடித்த அடி, எல்லாம் மறுபடி கண்முன் வந்தன. நடுவில் ஒரு வரிதான் உறுத்தியது. போர்ச்சுகலின் தடுப்பாட்டக்காரர் ஜோசே ஃபோன்டேவை "பாதியில் அணிக்குள் வந்து பதக்கத்தோடு போன பாக்கியசாலி" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கல்லூரி நாட்களில் அவரைப் போலவே ஸ்டாப்பர் பேக்காக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவனாக, ஆடியவன் நான். கொஞ்சம் கூடுதலாகவே சுருக்கென்றது.

பாதியில் வந்தார் என்பது சரி. ஏன் வந்தார் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. குரூப் சுற்றில் போர்ச்சுகல் ஆடிய மூன்று ஆட்டமும் டிரா. கடைசி ஆட்டத்தில் ஹங்கேரியிடம் மூன்று கோல் வாங்கி, மூன்றாவது இடத்தில் தட்டுத்தடுமாறி அடுத்த சுற்றுக்கு வந்த அணி அது. அதுவரை நடுத் தடுப்பில் பெபேவோடு ஆடியவர் 38 வயது ரிக்கார்டோ கார்வால்யோ. அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. போர்ட்டோ கிளப்பில் ஆடிய காலத்திலிருந்தே அவர் என் ஆதர்சம். ஆனால் குரோஷியாவுக்கு எதிரான ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் ஃபெர்னாண்டோ சான்டோஸ் ஃபோன்டேவை இறக்கினார். அதன் பிறகு இறுதிப் போட்டி வரை அவரை வெளியே எடுக்கவே இல்லை.

நான்கு நாக்-அவுட் ஆட்டங்கள். மூன்றில் எக்ஸ்ட்ரா டைம். கூட்டிப் பார்த்தால் 450 நிமிடம். அதில் போர்ச்சுகல் வாங்கியது ஒரே ஒரு கோல், போலந்தின் லெவாண்டோவ்ஸ்கி இரண்டாவது நிமிடத்தில் அடித்தது. அரையிறுதியில் காயத்தால் பெபே இல்லை, ஃபோன்டேவின் பக்கத்தில் வந்து நின்றவர் புருனோ ஆல்வெஸ். ஆள் மாறியும் காரெத் பேலின் வேல்ஸால் ஒரு கோல் போட முடியவில்லை. குரோஷியாவோடு ஆடிய ஆட்டத்தில் 117ஆவது நிமிடத்தில்தான் முதல் தடவையாகக் கோலை நோக்கிச் சரியாக ஒரு அடி போனது, அதுவும் போர்ச்சுகல் அடித்தது. மோட்ரிச், ராகிட்டிச் இருந்த அணி அது! அந்த ஆட்டத்தைப் பார்த்துத் தூங்கிவிட்டேன் என்றார்கள் நண்பர்கள். எனக்கு அது விருந்து.

அதிர்ஷ்டம் என்று ஒன்றைத் தேடித்தான் ஆகவேண்டும் என்றால், இறுதிப் போட்டியின் 92ஆவது நிமிடத்துக்குப் போங்கள். பிரான்சின் ஷின்யாக் பெபேவைத் திருப்பி ஏமாற்றி அடித்த பந்து போஸ்டில் பட்டு வந்தது. அதை அதிர்ஷ்டம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

இனி 'பாக்கியசாலி'யின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1983 டிசம்பரில் பெனாஃபியெல் நகரில் பிறந்தவர். ஸ்போர்ட்டிங் கிளப்பின் இளைஞர் அணியில் வளர்ந்தும் முதல் அணியில் இடமில்லை. விட்டோரியா செட்டூபலில் ஆடியதைப் பார்த்து பென்ஃபிகா வாங்கியது. வாங்கியதோடு சரி, ஒரு அதிகாரபூர்வ ஆட்டத்தில்கூட இறக்காமல் பாசோஸ் டி ஃபெரெய்ராவுக்கும் எஸ்ட்ரெலா ட அமடோராவுக்கும் லோனில் அனுப்பியது. 2007இல் இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனுக்கு, கிரிஸ்டல் பேலஸுக்குப் போனார். 2010 ஜனவரியில், 26 வயதில், அங்கிருந்து இன்னும் ஒரு படி கீழே இறங்கினார். சவுத்தாம்ப்டன் அப்போது மூன்றாம் டிவிஷனில் இருந்தது, கடன் பிரச்சினையால் பத்துப் புள்ளி அபராதத்தோடு அந்த சீசனைத் தொடங்கிய கிளப். போர்ச்சுகல் தேசிய அணிக்கு ஆள் தேடுபவர்கள் எட்டிப் பார்க்கிற இடமா அது?

அடுத்தடுத்த இரண்டு சீசன்களில் இரண்டு டிவிஷன் ஏறி 2012இல் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு வந்தது சவுத்தாம்ப்டன். ஃபோன்டேவும் கூடவே ஏறினார். இதை நான் பெரிதாக நினைக்கக் காரணம் உண்டு. டிவிஷன் ஏறுகிற கிளப்புகள் முதலில் மாற்றுவது ஸ்டாப்பரைத்தான். மேலே போனால் ஃபார்வர்டுகள் வேகமாக ஓடுவார்கள், இவன் தாங்கமாட்டான் என்று கழற்றிவிட்டுவிடுவார்கள். ஃபோன்டேவைக் கழற்றவில்லை. 2014 கோடையில் லல்லானா, லாம்பர்ட், லோவ்ரன், ஷா, சேம்பர்ஸ் என்று பாதி அணியை விற்றார்கள். கிளப் கீழே இறங்கிவிடும் என்று எல்லோரும் எழுதினார்கள். இவர் கேப்டன் ஆனார். அந்த சீசனில் 38 ஆட்டங்களில் 33 கோல்தான் வாங்கி ஏழாவது இடம், அடுத்த வருடம் ஆறாவது இடம். பக்கத்தில் முதலில் ஆல்டர்வேய்ரெல்டு, பிறகு வான் டைக். வான் டைக்கைப் பற்றி இதே இதழ் நான்கு பக்கம் எழுதியது ஞாபகம் இருக்கிறது.

2014 நவம்பரில், 31 வயதுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் ஃபோன்டே முதன்முதலாகப் போர்ச்சுகல் சட்டையைப் போட்டார், அர்ஜென்டினாவுக்கு எதிராக, ஓல்டு டிராஃபோர்டில். இருபது மாதம் கழித்து ஐரோப்பிய சாம்பியன். 2018 உலகக் கோப்பையில் நான்கு ஆட்டத்திலும் ஆடினார். 2019 நேஷன்ஸ் லீக் அரையிறுதியில் பெபேவுக்குக் காயம். இறுதிப் போட்டியில் இளைஞர் ரூபன் டியாஸோடு நின்று நெதர்லாந்தை 1-0 என்று முடித்தவரும் இவர்தான்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல வரவில்லை. 2017இல் வெஸ்ட் ஹாமுக்குப் போனது சோபிக்கவில்லை. காயமும் சேர்ந்துகொண்டது. அங்கிருந்து சீனாவின் டாலியன், அதுவும் சில மாதங்கள்தான். 34 வயதில் பிரான்சின் லீல் கிளப் கூப்பிட்டபோது ஓய்வுக்கு முன் சம்பாதிக்கப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். என் கணிப்பு தப்பு. 2020-21 சீசனில் அவர் கேப்டனாக இருந்த லீல், நெய்மரும் எம்பாப்பேயும் ஆடிய பாரிஸ் கிளப் பி.எஸ்.ஜி.யை ஒரே புள்ளியில் முந்திப் பட்டம் வாங்கியது. 83க்கு 82. வாங்கிய கோல் 38 ஆட்டங்களில் வெறும் 23. அவருக்கு வயது 37, பக்கத்தில் நின்ற ஸ்வென் பொட்மனுக்கு 21. பிறகு போர்ச்சுகலின் பிராகா கிளப்புக்காக, 39 வயதில் சாம்பியன்ஸ் லீக்கிலும் ஆடினார்.

ஃபார்வர்டு ஒருவன் பத்து வாய்ப்பை வீணாக்கி ஒன்றைப் போட்டால் மறுநாள் படம் வரும். ஸ்டாப்பர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால், அந்த ஒன்றுக்கும் படம் வரும். அதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கே சலித்துவிட்டது, விடுங்கள்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் போடுங்கள். 46ஆம் பக்கத்தில் கோப்பையோடு இருக்கும் படத்தின் கீழே "பெபேவும் சக வீரரும்" என்று அச்சாகியிருக்கிறது. சட்டை எண் 4. அவர்தான் ஃபோன்டே.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டாப்பர்,
நாகர்கோவில்