தடுப்பணி எடுக்கும் புள்ளிகளுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தை அறிமுகப்படுத்தித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இந்த ஆட்டத்தைத் தமிழில் இவ்வளவு பொறுமையாக விளக்கியவர்கள் குறைவு; அதற்காக முதலில் என் நன்றி. ஆனால் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) நன்றாக வீசினால் அணி வெல்லும், இல்லாவிட்டால் தோற்கும் என்ற அளவோடு அக்கட்டுரை வெற்றியின் காரணத்தை முடித்துக்கொண்டது. தடுப்பணியும், உதைகளுக்கென்றே களமிறங்கும் சிறப்பு அணியும் தாமாகவே புள்ளி எடுக்க முடியும் என்பதற்கு அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. சிகாகோவில் வசித்துக்கொண்டு அந்நகரின் பேர்ஸ் அணியின் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்து வருபவன் என்ற முறையில், அந்த ஒரு வரியைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

ஓர் ஆட்டத்தில் ஓர் அணியின் கைக்குப் பந்து வருவது ஏறக்குறையப் பத்துப் பன்னிரண்டு தடவைதான். அவற்றில் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் தாக்குதல் அணி ஒரு புள்ளியும் எடுக்காமலே திரும்புகிறது. வாய்ப்புகள் இவ்வளவு குறைவாக உள்ள ஆட்டத்தில், எதிரணி வீசிய பந்தைத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் இடைமறித்துக் கடைசி எல்லை வரை ஓடிவிட்டால் (இப்படிப் பந்தை எல்லைக்குக் கொண்டுசேர்ப்பதே டச் டவுன்), எதிரணி எடுத்திருக்கக்கூடிய புள்ளிகள் போவதோடு அதன் கணக்குக்கு எதிராக ஆறு அல்லது ஏழு புள்ளிகள் ஏறியும் விடுகின்றன. நெருக்கமான ஆட்டத்தில் அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வருவது எளிதல்ல.

குவார்ட்டர்பேக்கே எல்லாம் என்பவர்கள் 2014 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலை (பருவத்தின் இறுதிப் போட்டி) நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பருவத்தில் டென்வர் பிராங்கோஸ் அணி 606 புள்ளிகள் குவித்துச் சாதனை படைத்திருந்தது. பெய்டன் மானிங் வீசிய டச் டவுன்கள் மட்டும் 55. ஆட்டத்தின் முதல் நகர்விலேயே பந்து மானிங்கின் தலைக்கு மேலே பறந்து பின்னால் விழ, 12 விநாடிகளில் சியாட்டில் சீஹாக்ஸுக்கு சேஃப்டி (ஓர் அணி தன் எல்லைப் பகுதிக்குள்ளேயே பந்தோடு மடக்கப்படுவது) மூலம் இரண்டு புள்ளிகள் கிடைத்தன. பிறகு மால்கம் ஸ்மித் இடைமறித்த பந்தோடு 69 யார்டு ஓடினார். இரண்டாம் பாதியின் முதல் உதையைப் பிடித்த பெர்சி ஹார்வின் 87 யார்டு ஓடினார். சியாட்டில் 43-8 என்று வென்றது. ஆட்ட நாயகன் விருது தடுப்பாட்டக்காரரான ஸ்மித்துக்குப் போனது.

ஆனால் இந்த விஷயத்தை முழுமையாகப் புரியவைக்கும் ஆட்டம் எது என்று கேட்டால், 2006 அக்டோபர் 16 அன்று அரிசோனாவில் பேர்ஸ் அணி கார்டினல்ஸோடு ஆடியதைத்தான் சொல்வேன். இடைவேளையில் பேர்ஸ் 0-20 என்று பின்தங்கியிருந்தது. அதன் குவார்ட்டர்பேக் ரெக்ஸ் கிராஸ்மன் அன்று நான்கு முறை பந்தை எதிரணியின் கையில் வீசினார்; இரண்டு முறை கைநழுவ விட்டார். மூன்றாம் கால்பகுதி முடியும் தறுவாயில், கார்டினல்ஸ் குவார்ட்டர்பேக்கை மார்க் ஆண்டர்சன் வீழ்த்தியபோது உருண்ட பந்தை மைக் பிரவுன் எடுத்து எல்லைக்கோட்டைத் தாண்டினார். அடுத்து, எட்ஜரின் ஜேம்ஸ் பந்தோடு கூட்டத்துக்குள் நுழைந்தபோது, பிரையன் அர்லாக்கர் அவரைக் கீழே தள்ள அவசரப்படாமல், தாங்கிப் பிடித்துக்கொண்டே அவர் கக்கத்தில் இடுக்கியிருந்த பந்தைப் பிடுங்கி வெளியே தள்ளினார். சார்லஸ் டில்மன் அதை அள்ளிக்கொண்டு 40 யார்டு ஓடினார். கடைசியில், ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லாத நேரத்தில், புதுமுகமான டெவின் ஹெஸ்டர் எதிரணி உதைத்த பண்டை (மேலே முன்னேற முடியாத அணி பந்தை எதிர்ப்பக்கம் உதைத்து அனுப்புவது) பிடித்து 83 யார்டு ஓடி முடித்தார். பேர்ஸ் 24-23 என்று வென்றது. அதன் தாக்குதல் அணி அன்று ஒரு டச் டவுன்கூடப் போடவில்லை.

தோற்ற அணியின் தடுப்பாட்டக்காரர்களை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. பேர்ஸின் தாக்குதல் அணியை ஒரே ஒரு ஃபீல்டு கோலோடு (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) நிறுத்திவைத்து, ஆறு முறை பந்தைப் பறித்தவர்கள் அவர்கள். ஆனாலும் பருவ முடிவில் வெளியாகும் அட்டவணையில் "விட்டுக்கொடுத்த புள்ளிகள்" என்ற தலைப்பின் கீழ் 24 என்று பதிவாகிறது. அதைப் படிப்பவர்கள் தடுப்பணி தளர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். அவர்கள் களத்திலேயே இல்லாதபோது போன 21 புள்ளிகளை அவர்கள் தலையில் சுமத்துவது சரியல்ல.

ஹெஸ்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாழ்நாளில் 20 முறை உதைப்பந்தைத் திருப்பி ஓடி டச் டவுன் போட்ட அவர், அந்தப் பணிக்காகவே 2024-இல் சிறந்த வீரர்களுக்கான புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அவர் தந்த நன்மை அந்த 20-ஓடு நிற்கவில்லை. அவர் கைக்குப் பந்து போய்விடக் கூடாது என்று எதிரணிகள் வேண்டுமென்றே குறைவான தூரத்துக்கும் கோட்டுக்கு வெளியேயும் உதைத்தன. அதனால் பேர்ஸின் தாக்குதல் அணிக்குத் தொடக்கத்திலேயே பல யார்டுகள் இலவசமாகக் கிடைத்தன. எந்தப் புள்ளிவிவரத்திலும் இது அவர் பெயரில் ஏறாது. 2007 பிப்ரவரி சூப்பர் பவுலில் முதல் உதையையே அவர் 92 யார்டு ஓடி டச் டவுனாக்கினார். அதன் பிறகு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் பந்தைத் தரையோடு உருட்டியே உதைத்தது. அப்படியும் அந்த ஆட்டத்தில் பேர்ஸ் 17-29 என்று தோற்றது. நான்காம் கால்பகுதியில் கிராஸ்மன் வீசிய பந்தை கெல்வின் ஹேடன் இடைமறித்து 56 யார்டு ஓடியதோடு ஆட்டம் கைவிட்டுப் போனது.

இத்தகைய புள்ளிகளை நம்பி ஒரு பருவத்தையே ஓட்டிவிட முடியுமா என்றால், முடியாது. 2012-இல் பேர்ஸின் தடுப்பணி இடைமறித்த பந்துகளில் எட்டை டச் டவுனாக்கியது. முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் அணி வென்றது. பிற்பாதியில் ஐந்து தோல்விகள் வந்து சேர, 10 வெற்றி, 6 தோல்வி என்ற கணக்கோடு, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போகாமலே பருவம் முடிந்தது. பயிற்சியாளர் லவி ஸ்மித் பதவி இழந்தார். 2018-இல் லீக்கிலேயே அதிகமாக 36 முறை பந்தைப் பறித்து 12 ஆட்டங்களில் வென்ற பேர்ஸ், அடுத்த ஆண்டு எட்டில்தான் வென்றது. முட்டை வடிவப் பந்து தரையில் விழுந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பதை எந்தப் பயிற்சியாளரும் கற்றுக்கொடுக்க முடியாது. அதோடு, முன்னிலையில் இருக்கும் அணிக்குத்தான் இடைமறிக்கும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பின்தங்கிய அணி நேரம் போதாமல் துணிந்து வீசியாக வேண்டும்; ஆகவே தடுப்பணியின் டச் டவுனால் வெற்றி வருவது போலவே, வெற்றி நெருங்குவதால் அந்த டச் டவுன் வருவதும் உண்டு. சேர்ந்து காணப்படுவதை எல்லாம் காரணம் என்று எழுதிவிடக் கூடாது.

அதற்காக அனைத்தையும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடவும் முடியாது. பந்து யார் பக்கம் துள்ளும் என்பது அதிர்ஷ்டம்தான். பந்தைத் துள்ள வைப்பது பயிற்சி. டில்மன், எதிராளியைக் கட்டிப்பிடிக்கும் அதே கணத்தில் மற்றொரு கையை மடக்கிப் பந்தின் மீது நேராகக் குத்துவார். 2012-இல் அப்படி 10 முறை பந்தைக் கைநழுவச் செய்தார். டென்னசியில் நடந்த ஒரே ஆட்டத்தில் நான்கு முறை. கல்லூரி அளவில், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 1987 முதல் 2015 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஃபிராங்க் பீமர், சிறப்பு அணியின் பயிற்சியைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு, முன்னணி வீரர்களையே அதில் இறக்கி, எதிரணியின் உதைகளைத் தடுப்பதை ஒரு மரபாகவே வளர்த்தார். அவருடைய அணி தேசியப் பட்டத்துக்காக ஆடிய 2000 ஜனவரி ஆட்டத்தில், ஃபுளோரிடா ஸ்டேட் அணி அவர்களின் பண்ட் ஒன்றைத் தடுத்து டச் டவுனாக்கியது. இன்னொன்றைப் பிடித்து ஓடியும் டச் டவுன் போட்டது. 46-29 என்று வென்றது. சிறப்பு அணியின் ஒரு நொடிப் பிசகு எத்தனை பெரிய விலை கேட்கும் என்பது பீமரை விட நன்றாக யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சூப்பர் பவுல் செய்தியை வெளியிடும்போது, இறுதிப் புள்ளிகளுக்குக் கீழே, தாக்குதல் அணி எடுத்தது எத்தனை, தடுப்பணி எடுத்தது எத்தனை, சிறப்பு அணி எடுத்தது எத்தனை என்று ஒரு சிறு கட்டத்தில் பிரித்துக் கொடுங்கள். இடைமறிக்கப்பட்ட பந்தால் போன புள்ளிகளைத் தோற்ற அணியின் தடுப்பாட்டக்காரர்கள் கணக்கில் சேர்க்காமல் தனியே குறிப்பிடுங்கள். நான்கைந்து வரிகள்தான் பிடிக்கும். ஆட்டத்தைப் பார்க்காத வாசகருக்கும் அது எங்கே திரும்பியது என்பது தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சிகாகோ