மாதத்தில் ஒரு ஞாயிறு மண்டபம் வேண்டும், பெயர்ப் பட்டியல் வேண்டாம்

பெறுநர்:
மாநகர ஆணையாளர் அவர்கள்,
கொழும்பு மாநகர சபை,
நகர மண்டபம், கொழும்பு 07.

விடயம்: அகதிகளுக்கும் வேலைக்காகக் கொழும்பு வந்தவர்களுக்குமான மாதாந்த ஒன்றுகூடலுக்குச் சபையின் சமூக மண்டபம் ஒன்றைத் தருதல்

மதிப்புக்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் 2 மணியிலிருந்து 7 மணி வரை, வெள்ளவத்தையிலோ பக்கத்திலோ சபைக்குச் சொந்தமான சமூக மண்டபம் ஒன்று எங்களுக்கு வேண்டும். வாடகையைக் குறைத்தால் சந்தோஷம், முடியாவிட்டால் எங்களுக்குள் சேர்த்துக் கட்டுகிறோம். ஆனால் வருகிறவர்களின் அடையாள அட்டைப் பிரதியையோ பெயர்ப் பட்டியலையோ கேட்கக் கூடாது. இந்த மனுவே அதற்காகத்தான்.

நாங்கள் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடையில் உள்ள ஒழுங்கைகளில் குடியிருக்கும் சில குடும்பங்கள். சங்கமோ பதிவிலக்கமோ கிடையாது. ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், வாகனம் நிறுத்தும் இடத்தில், நாலு கதிரையும் ஒரு தேத்தண்ணிப் பானையுமாகத் தொடங்கியது. மலையகத்திலிருந்து வந்து புடவைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கிற பொடியன்கள், வீட்டு வேலைக்கு வந்த பெண்கள், அதோடு தெஹிவளை, கல்கிசைப் பக்கம் வாடகை அறைகளில் இருக்கும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிக் குடும்பங்கள் சில. பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுப்போம், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பிரஷர் பார்ப்பார், பிறகு எல்லோரும் சேர்ந்து சமைப்போம்.

முதல் மாதம் நாங்கள் தேங்காய்ப்பூப் போட்ட ரொட்டி தட்டியதைப் பாகிஸ்தானிலிருந்து வந்த ஓர் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மாவை வாங்கி, உருட்டுக்கட்டை எதுவும் இல்லாமல், இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் மாற்றி மாற்றி அடித்தே முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி செய்து காட்டினார், எங்கள் தாச்சி அதற்குப் போதவில்லை. அவர் சொன்னதை எங்களுக்குச் சொன்னவன் ஹட்டன் பொடியன் ஒருவன், ஹிந்திப் படம் பார்த்துப் படித்த ஹிந்தி. உருதுவுக்கு அது போதுமாம்.

அந்த இடம் இப்போது இல்லை. ஒரு நாள் மழை வெள்ளம் உள்ளே வந்தது, அத்தோடு தொடர்மாடிக் கமிட்டிக்கும் பொறுமை போய்விட்டது, அதில் நியாயமும் உண்டு. பிறகு ஒரு தனியார் மண்டபத்துக்கு முற்பணம் கட்டினோம். இரண்டு நாளுக்கு முன் தொலைபேசியில், வெளிநாட்டு ஆட்கள் வந்தால் பொலிஸ் பிரச்சினை வரும், எல்லோருடைய அடையாள அட்டைப் பிரதியையும் தாருங்கள் என்றார்கள். அகதிகளிடம் அடையாள அட்டை எங்கே இருக்கிறது? அவர்களிடம் இருப்பது ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யூ.என்.எச்.சி.ஆர். தந்த கடதாசி ஒன்றுதான், நாலாக மடித்து, பொலித்தீன் உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை கையெழுத்திடவில்லை என்பதால் அவர்களால் இங்கே சட்டப்படி வேலை செய்ய முடியாது, பிள்ளைகளுக்கு அரச பாடசாலையும் இல்லை. வேறு நாடு ஏதாவது எடுக்கும்வரை காத்திருப்பு, அது வருடக்கணக்கில் இழுபடும். அதை மாற்றும்படி உங்களிடம் கேட்கவில்லை, அது உங்கள் மேசைக்கு வருகிற விஷயமும் இல்லை.

சரி, பட்டியல் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். 2017 செப்டெம்பரில் கல்கிசையில் ரோஹிங்கியாக் குடும்பங்கள் இருந்த வீட்டை ஒரு கும்பல் சூழ்ந்தபோது, கடைசியில் பூசா தடுப்பு முகாமுக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் அந்தக் குடும்பங்கள்தான். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளை விட்டு விரட்டப்பட்ட அகதிகள் பொலிஸ் நிலையத்திலும் பஸ்யாலைப் பள்ளிவாசலிலும் வாரக்கணக்கில் படுத்தார்கள், குண்டு வைத்தவர்களோடு அவர்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை. யார் எங்கே கூடுகிறார்கள் என்று எழுதிய கடதாசி கைமாறிப் போனால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்களுக்கும் தெரியும். யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தால் பொலிஸில் பதிய ஓடியவர்கள் நாங்கள். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள், உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. அதற்கும் முன்னால், 1983 ஜூலையில், இதை எழுதுகிற எனக்கு ஏழு வயது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் சீமெந்துத் தரையில் படுத்துவிட்டு, லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். வரிசையில் நின்று வாங்கிய பாண் துண்டு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அதைத் தந்தவர் என் பெயரைக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஆகவே ஒரு மாற்று வழி சொல்கிறோம். எங்களில் ஐந்து பேர், எல்லோரும் இந்தத் தொகுதி வாக்காளர்கள், எங்கள் அடையாள அட்டைப் பிரதிகளைத் தந்து கையெழுத்து வைக்கிறோம். கதிரை உடைந்தாலும் யாராவது சத்தம் போட்டாலும் எங்களைக் கேளுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் மாதாமாதம் எழுதித் தருவோம், வழக்கமாக அறுபதைத் தாண்டாது. ஒலிபெருக்கி போட மாட்டோம். குப்பையைப் பிரித்துக் கட்டி வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவோம்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். மண்டபம் தந்ததற்காகப் பதாகை, குத்துவிளக்கு, பொன்னாடை, முகநூலில் படம் எதுவும் வேண்டாம். உலக அகதிகள் தினமான ஜூன் 20 அன்று கூட வேண்டாம். நீங்கள் தனியாக வந்து ஒரு ரொட்டி சாப்பிட்டுப் போவதென்றால் தாராளமாக வாருங்கள்.

ஐவரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் முகவரிகளையும் இத்துடன் இணைத்துள்ளோம். பதிலைத் தமிழில் அனுப்பினால் நல்லது, ஹட்டன் பொடியன் அதைப் பார்த்துக்கொண்டே மற்றவர்களுக்கு ஹிந்தியில் சொல்லிவிடுவான்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைக் குடியிருப்பாளர்கள் சார்பில்,
கீழே கையெழுத்திட்ட ஐவர்