பெண் வழக்கறிஞர்கள் முன்வராமல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வழக்கறிஞர் சங்கத் தேர்தல் பற்றித் தாங்கள் வெளியிட்ட செய்தியின் கடைசி வரி, "பெண் வழக்கறிஞர்கள் எவரும் போட்டியிட முன்வரவில்லை" என்று முடிகிறது. தங்கள் இதழின் நெடுநாள் வாசகி என்பதால் மனம் கூடுதலாக வலிக்கிறது. எங்களில் ஒருத்தியிடமாவது செய்தியாளர் கேட்டிருக்கலாம்.

தேர்தல் அறிவிப்பை வெள்ளிக்கிழமை மாலை, கோர்ட் கலைந்த பிறகு ஒட்டினார்கள். அதுவும் சங்க அறைப் பலகையில், பழைய இரங்கல் கூட்ட அறிவிப்புக்குக் கீழே. திங்கள் மதியத்தோடு மனுத்தாக்கல் முடிந்துவிட்டது. துணைத் தலைவர் பதவிக்கு மனு நிரப்பிக்கொண்டு போனேன். சந்தா பாக்கி என்றார் தேர்தல் அதிகாரி. ரசீதை நீட்டினேன். பதிவேட்டில் ஏறவில்லை, பொருளாளரைப் பாருங்கள் என்றார். பொருளாளர் வெளியூரில். நான் நின்றுகொண்டிருந்த அதே மேசையில், வேறொரு வேட்பாளரின் ஆள் ஒரு கட்டு நோட்டை வைத்து யார் யாருடைய சந்தாவையோ மொத்தமாகக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெயர்களில் பாதிப் பேரை நான் வளாகத்தில் பார்த்ததே கிடையாது. வாக்குப்பதிவன்று மட்டும் காரில் வந்து இறங்கினார்கள்.

தாங்கள் அறியாததல்ல. ஒருவர் ஒரு சங்கத்தில் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற விதி செல்லும் என்று பி.டி.கௌஷிக் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று 2024 மே மாதம் உத்தரவிட்டதும் அதே நீதிமன்றம்தான். எங்கள் சங்கத்தில் இதைப் பேச எழுந்தால் "உட்காருங்க மேடம், நேரமாச்சு" என்கிறார்கள்.

கணக்குக் கேட்டாலும் அதே பதில்தான். வரவு செலவு அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிப்போகும். புறக்கணிப்புத் தீர்மானத்துக்கு மட்டும் அரை மணியில் கூட்டம் கூடிவிடும். வேலைநிறுத்தம் செய்ய வழக்கறிஞர்களுக்கு உரிமை இல்லை என்று ஹரிஷ் உப்பல் வழக்கில் 2002-ல் தீர்ப்பு வந்தது. இன்றும் நாலு பேர் கைதூக்கினால் கோர்ட் முடங்குகிறது. ஜீவனாம்ச வழக்குக்காகக் கைக்குழந்தையோடு முதல் பஸ் பிடித்து வந்த கட்சிக்காரப் பெண்ணிடம், "இன்னைக்கு வாய்தாம்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது எனக்குத்தான். தீர்மானம் போட்டவர்கள் யாரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டு ஒவ்வொரு நிர்வாகத்திடமும் மனு கொடுக்கிறோம். தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.

மேலே பார்த்தாலும் இதே கதை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி வழக்கறிஞர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் மாநில பார் கவுன்சிலுக்கு 5 ஆண்டுதான் ஆயுள். தேர்தல் தாமதமானால் 6 மாதம் வரை நீட்டிக்கலாம். பல மாநிலங்களில் அதையும் தாண்டித் தேர்தல் இழுத்துக்கொண்டே போனதால், 2025-ல் உச்ச நீதிமன்றமே கெடு விதிக்க வேண்டியதாயிற்று. ஊருக்குச் சட்டம் சொல்கிறவர்கள் நாங்கள். எவ்வளவு பெரிய தலைகுனிவு!

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த தேர்தலின்போது மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள் எது என்று சங்கத்திடம் முன்கூட்டியே கேட்டு வெளியிடுங்கள். மனு எழுதி வைத்திருக்கும் பெண்கள் என்னைத் தவிரவும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பெண் வழக்கறிஞர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)